1976-க்குப் பிறகு ஸ்டீவி வொண்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பாடகர் ஸ்டீவி வொண்டரின் பிற்கால ஆல்பங்களை யாராவது ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். கேட்கும் ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

ஸ்டீவி வொண்டர் யாருன்னு தெரியும். ஆனா அந்த 'பொற்காலம்' எப்போ ஆரம்பிச்சு எப்போ முடியுது?

1950-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சேகினா என்ற ஊரில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார். இன்குபேட்டரில் ஆக்சிஜன் அதிகமாகிப் பார்வை போய்விட்டது. பதினோரு வயதில் டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. பதின்மூன்று வயதில் அவர் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1971-இல் 21 வயது நிறைந்ததும் பழைய ஒப்பந்தம் முடிந்தது. தன் இசையில் இனி தானே முடிவெடுப்பது என்ற நிபந்தனையோடுதான் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சுதந்திரத்தில் வந்தவைதான் பொற்காலத்து ஆல்பங்கள் ஐந்தும். 1972-இல் 'மியூசிக் ஆஃப் மை மைண்ட்', 'டாக்கிங் புக்' என்று இரண்டு, 1973-இல் 'இன்னர்விஷன்ஸ்', 1974-இல் 'ஃபுல்ஃபில்லிங்னஸ் ஃபர்ஸ்ட் ஃபினாலே', 1976-இல் 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்'. கடைசி மூன்றும் வரிசையாக, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கின. இடையில் ஒரு வருடம் அவரிடமிருந்து ஆல்பம் வரவில்லை. அந்த முறை விருது வாங்கிய பால் சைமன், இந்த வருடம் ஆல்பம் போடாததற்காக ஸ்டீவி வொண்டருக்கு நன்றி என்று மேடையிலேயே சொன்னார். அப்போது அவருக்கு இருந்த மதிப்பு அப்படி.

அப்போ 'பிற்காலம்'னா எந்தெந்த ஆல்பம்?

1979-இல் தாவரங்கள் பற்றிய ஆவணப் படத்துக்குச் செய்த இரட்டை இசைத்தட்டு 'ஜர்னி த்ரூ த சீக்ரெட் லைஃப் ஆஃப் பிளான்ட்ஸ்'. 1980-இல் 'ஹாட்டர் தேன் ஜூலை'. 1984-இல் 'த வுமன் இன் ரெட்' படத்தின் பாடல்கள். 1985-இல் 'இன் ஸ்கொயர் சர்க்கிள்', 1987-இல் 'கேரக்டர்ஸ்', 1991-இல் 'ஜங்கிள் ஃபீவர்' படப் பாடல்கள், 1995-இல் 'கான்வர்சேஷன் பீஸ்', 2005-இல் 'எ டைம் டு லவ்'. 1982-இல் வந்த 'ஒரிஜினல் மியூசிக்வேரியம்' பழைய பாடல்களின் தொகுப்புதான். ஆனாலும் அதில் நான்கு புதிய பாடல்கள் இருந்ததால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

76-லயே அவருக்குச் சரக்கு தீந்துபோச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

இல்லை. ஐந்து வருடத்துக்குள் ஐந்து பெரிய ஆல்பங்கள் கொடுத்தவர், அதற்கப்புறம் அதே அளவுகோலால் மட்டுமே அளக்கப்பட்டார். அந்த ஐந்தும் இல்லாமல் 'ஹாட்டர் தேன் ஜூலை' மட்டும் வேறொரு பாடகரின் பெயரில் வந்திருந்தால், அந்த ஒன்றுக்காகவே அவரை இன்றுவரை கொண்டாடியிருப்போம்.

இதில் இன்னொரு வாதமும் அடிக்கடி வரும். ராபர்ட் மார்குலெஃப், மால்கம் செசில் இருவரும் பிரிந்துபோனதுதான் சரிவுக்குக் காரணம் என்பார்கள். ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் 'டான்டோ' என்ற ராட்சத சிந்தசைசரை, அதாவது மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் வாத்தியத்தை, உருவாக்கி, 1972 முதல் 1974 வரை வந்த நான்கு ஆல்பங்களிலும் அவரோடு உழைத்தவர்கள் இவர்கள். அவர்கள் பங்கு பெரியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் தலையில் தூக்கிவைக்கும் 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்' அவர்கள் போனபிறகு வந்ததுதானே? எனவே சரிவு என்று ஒன்று இருந்தால் அதன் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். டிரம் மெஷின் பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.

செடிகொடியைப் பத்தி ரெண்டு தட்டு நிறைய இசையா? அதையெல்லாம் கேக்கணுமா?

கட்டாயம் கேட்க வேண்டும். அவர் வாழ்க்கையிலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட வேலை இது. மூன்று வருடம் காத்திருந்த ரசிகர்கள் 1972-இன் துள்ளல் பாட்டான 'சூப்பர்ஸ்டிஷன்' மாதிரி ஒன்றை எதிர்பார்த்தார்கள். ஊசியை வைத்ததும் வந்தது பாட்டே இல்லாத, பூமி உருவாவதைச் சொல்லும் வாத்திய இசை. படமும் திரையரங்குகளில் சரியாக ஓடவில்லை. எதற்காகச் செய்த இசை என்று தெரியாமலேயே மக்கள் அதைக் கேட்டார்கள், விமர்சகர்கள் கிழித்தார்கள். இருந்தும் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது.

பார்வையில்லாதவர் ஒரு படத்துக்குப் பின்னணி இசை அமைத்தது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். நான்கு தடங்கள் உள்ள ஒலிநாடா. ஒரு தடத்தில் படத்தின் ஒலி ஓடும். தயாரிப்பாளர் மைக்கேல் பிரான் திரையில் தெரிவதையெல்லாம் ஒவ்வொன்றாக விவரித்துச் சொல்வார். காட்சி எவ்வளவு நேரம் என்பதை ஒலிப்பொறியாளர் கேரி ஓலசபல் சொல்வார். மிச்சமிருக்கும் இடத்தில் ஸ்டீவி வாசிப்பார். மொட்டு விரிவதை அவர் காதால் வாங்கி இசையாகத் திருப்பித் தந்தார். இது தெரிந்த பிறகு 'த ஃபர்ஸ்ட் கார்டன்' கேட்டுப் பாருங்கள், வேறு மாதிரி கேட்கும்.

நமக்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. 'சேம் ஓல்டு ஸ்டோரி' என்ற பாடல் ஜகதீஷ் சந்திர போஸைப் பற்றியது. செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று சொன்னவரை உலகம் நம்ப மறுத்தது, அவர் தன் கருவிகளால் நிரூபித்துக் காட்டினார் என்று போகும் அந்தப் பாட்டில், அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து தாவர ஆய்வாளராக உயர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரும் வருகிறார். கல்கத்தா விஞ்ஞானியையும் அமெரிக்கக் கறுப்பின விஞ்ஞானியையும் ஒரே பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்? 'ரேஸ் பாப்ளிங்' என்ற ஒன்பது நிமிடப் பாடலில், சில வருடங்கள் கழித்து அதே டெட்ராய்ட்டில் பிறந்த டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் துடிப்பு என் காதுக்கு முன்கூட்டியே கேட்கிறது. பாடகி சொலாஞ்ச் தன் 2019 ஆல்பத்துக்கு ஊக்கம் தந்தவற்றில் இதையும் சொன்னார். ஆனால் முழுக்க ஒரே மூச்சில் கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

'ஹாட்டர் தேன் ஜூலை'யைப் பொற்காலத்துல சேக்கலாமா, கூடாதா?

தரத்தை வைத்துச் சொன்னால் சேர்க்கலாம். ரெகே பாடகர் பாப் மார்லிக்கு மரியாதையாகச் செய்த 'மாஸ்டர் பிளாஸ்டர்', பியானோவோடு உடைந்துபோகும் 'லேட்லி' இரண்டையும் எந்தப் பழைய ஆல்பத்தில் வைத்தாலும் பொருந்தும். 'ஆல் ஐ டு' அவர் பதின்ம வயதில், 60-களில் எழுதிய பாட்டு. பாடகி டாமி டெரல் அப்போதே பாடிப் பதிவு செய்தும் வெளியாகாமல் கிடந்தது. 1980-இல் அதை எடுத்துத் தானே பாடினார், பின்னணிக் குரல்களில் மைக்கேல் ஜாக்சனும் இருக்கிறார். பின்னணியைக் கூர்ந்து கேட்டால் அந்தக் குரல் பிடிபடும்.

கடைசிப் பாட்டு 'ஹேப்பி பர்த்டே'. இப்போது பிறந்தநாள் கேக் வெட்டும்போது போடுகிறோம். ஆனால் அது மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கச் சொல்லும் போராட்டப் பாட்டு. ஆல்பத்தின் உள்ளுறையில் கிங்கின் படத்தை அச்சிட்டார். 1981 ஜனவரி 15 அன்று வாஷிங்டனில் பேரணி நடத்தினார். அறுபது லட்சம் கையெழுத்துகளை நாடாளுமன்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது கிங்கின் மனைவி கோரெட்டாவோடு நின்றார். 1983 நவம்பரில் அதிபர் ரீகன் சட்டத்தில் கையெழுத்திட்டார், 1986 ஜனவரி 20 அன்று முதல் விடுமுறை வந்தது. ஒரு நாட்டின் நாட்காட்டியையே மாற்றிய இந்தப் பாட்டு அவருடைய 'பிற்காலத்தில்' வந்தது. சரக்கு தீர்ந்தவர் என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பதில் இதுதான்.

'ஐ ஜஸ்ட் கால்டு டு சே ஐ லவ் யூ' எங்க வீட்ல எல்லாருக்கும் பிடிக்கும். விமர்சகர்களுக்கு மட்டும் ஏன் ஆகல?

உங்கள் வீட்டாருக்குப் பிடித்தது சரிதான், அதற்காக யாரும் கூச்சப்பட வேண்டாம். புத்தாண்டு இல்லை, வசந்தம் இல்லை, பண்டிகை இல்லை, சும்மா அன்பைச் சொல்லக் கூப்பிட்டேன் என்று போகிற வரிகள் ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் புரியும். மெட்டு ஒருமுறை கேட்டாலே ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது.

விமர்சகர்களின் வருத்தம் வேறு. 'லிவிங் ஃபார் த சிட்டி' செய்த கை இதையா செய்தது என்று கேட்டார்கள். எனக்கும் இதன் தாளம் தட்டையாகத்தான் படுகிறது. ஆனால் பாட்டோடு அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1985-இல் இதற்கு ஆஸ்கர் கிடைத்தபோது, அப்போது சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரால் அதை ஏற்றுக்கொள்வதாக மேடையில் சொன்னார். உடனே தென்னாப்பிரிக்க அரசு ஒலிபரப்பு நிறுவனம் அவர் பாடல்கள் அனைத்தையும் தடை செய்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, காதலர் தினத்தன்று, வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்கு வெளியே போராடிக் கைதாகியிருந்தார். இனிப்பான பாட்டு எழுதியதால் ஆளே மழுங்கிவிட்டார் என்று முடிவுகட்டியவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

80-கள் ஆல்பமெல்லாம் ஒரே பிளாஸ்டிக் சத்தமா இருக்கே. அதை எப்படித் தாண்டிப் போறது?

இந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். பெரிய மாற்றம் நடந்த இடமும் இதுதான். 'சூப்பர்ஸ்டிஷன்' ஆரம்பத்தில் வரும் டிரம்ஸை வாசிப்பது ஸ்டீவியேதான். ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டில் அடிகள் ஒன்றுபோல் ஒன்று விழாது. ஒன்று அழுத்தி விழும், அடுத்தது உரசிக்கொண்டு போகும், இடையில் ஒன்று நழுவும். கிளாவினெட் என்ற மின் கீபோர்டும் அவரே, மூக் சிந்தசைசரில் கீழ்ஸ்தாயிப் பாஸும் அவரே. மூன்று வாத்தியங்களிலும் ஒரே உடம்பின் ஆட்டம் இருப்பதால்தான் அந்தப் பாட்டு அப்படி உருளுகிறது. 80-களில் தாளம் டிரம் மெஷினுக்குப் போனது. மெஷினில் கட்டம் போட்டு அடைத்த பிறகு அந்த நழுவல் இல்லை. மெட்டும் ஸ்வரக் கோப்பும் கொஞ்சமும் குறையவில்லை, குறைந்தது தாளத்தில் இருந்த அவருடைய கைதான்.

அவர் ஏன் அந்தப் பக்கம் போனார் என்பதையும் பாருங்கள். புதுக் கருவி வந்தால் முதல் ஆளாக வாங்குவது அவர் பழக்கம். அச்சிட்ட எழுத்தை வாசித்துச் சொல்லும், கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைலின் இயந்திரத்தை 1976-இலேயே வாங்கினார். அசல் பியானோவின் ஒலியைக் கணினியால் கொண்டுவர முடியுமா என்று 80-களின் தொடக்கத்தில் கர்ஸ்வைலோடு பேசியதிலிருந்துதான் கர்ஸ்வைல் கே250 கீபோர்டு பிறந்தது. 1972-இல் சிந்தசைசரை நம்பிய அதே ஆர்வம்தான் 1985-இல் டிரம் மெஷினை நம்ப வைத்தது.

தாண்டிப் போக ஒரு வழி சொல்கிறேன். 'இன் ஸ்கொயர் சர்க்கிள்' ஆல்பத்தில் 'பார்ட்-டைம் லவ்வர்' பாட்டை முதலில் விட்டுவிடுங்கள். அது பாப், ஆர் அண்ட் பி, அடல்ட் கன்டெம்பரரி, டான்ஸ் என்று பில்போர்டின் நான்கு பட்டியல்களிலும் முதலிடம் பிடித்த பாட்டுதான், இருந்தாலும் பிளாஸ்டிக் வாடை அதில்தான் அதிகம். நேரே 'ஓவர்ஜாய்டு' போங்கள், ஹெட்போனில். தாளம் எங்கே என்று தேடுங்கள். சில்வண்டு, பறவை, கடலலை, குளத்தில் விழும் கூழாங்கல், நொறுங்கும் சருகு என்று இவற்றின் சத்தங்களையே தாளமாகக் கோத்திருக்கிறார். மேலே சொன்ன தாவர ஆல்பத்துக்காக எழுதி, அதில் இடம்பெறாமல் போன பாட்டு இது. அந்த ஆல்பம் வீண்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பழைய கோபம் போயிடுச்சே? எப்பப் பாத்தாலும் அன்பு, சமாதானம்தானே பாடுறாரு?

அப்படித் தோன்றுவதற்குக் காரணம், வானொலியில் அன்பு பாட்டுகள் மட்டும் ஓடியது. 1973-இன் 'லிவிங் ஃபார் த சிட்டி'யில் மிசிசிப்பியிலிருந்து பஸ்ஸில் நியூயார்க் வந்து இறங்கும் இளைஞன் நிமிடங்களில் கைதாகிப் பத்து வருடத் தண்டனை வாங்குவான். அந்த மாதிரிக் கதை சொல்லும் பாட்டுகள் பின்னாலும் வந்தன. 'ஹாட்டர் தேன் ஜூலை'யில் 'கேஷ் இன் யுவர் ஃபேஸ்' கேளுங்கள். கையில் பணம், நல்ல வேலை, நல்ல படிப்பு எல்லாம் இருந்தும் கறுப்பின இணைக்கு வாடகை வீடு தர மறுக்கிறார்கள். வீட்டுக்காரர் பேசும் வரிகளையும் ஸ்டீவியே பாடுகிறார். வாடகைக்கு வீடு தேடும்போது 'நீங்க எந்த ஆளுங்க' என்ற கேள்வியைச் சந்தித்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

1982-இன் 'ஃப்ரன்ட் லைன்' வியட்நாமில் காலை இழந்துவிட்டுத் திரும்பிய சிப்பாயின் வாக்குமூலம். 1987-இன் 'ஸ்கெலிட்டன்ஸ்' பொய்யை ஒளித்து வைப்பவர்களைப் பற்றியது, ரீகன் அரசின் ரகசிய ஆயுத விற்பனை பற்றிய ஈரான்–கான்ட்ரா விசாரணை நடந்த அதே வருடம் வந்தது. அதன் பாஸ் நடையை 'சூப்பர்ஸ்டிஷன்' பாட்டின் தம்பி என்றே சொல்வேன். 'கேரக்டர்ஸ்' ஆல்பத்தில் வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள்.

இசைக்குழுவோட வாசிச்ச மாதிரி உயிரோட ஏதாவது இருக்கா, பிற்காலத்துல?

'ஒரிஜினல் மியூசிக்வேரியம்' தொகுப்பில் 'டு ஐ டு'. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். நேதன் வாட்ஸின் பாஸ் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓய்வதே இல்லை. பாதிக்கு மேல் ஜாஸ் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி ட்ரம்பெட்டோடு உள்ளே வருகிறார், ஸ்டீவி அவரைப் பெயர் சொல்லி அழைக்கும்போது அந்தக் குரலில் ஒரு சிறுவனின் சந்தோஷம். சுருக்கிய பதிப்பு வேண்டாம், முழுசாகக் கேளுங்கள்.

90-களுக்கு அப்புறம் வந்தது எதுவும் தேறுமா?

'ஜங்கிள் ஃபீவர்' ஸ்பைக் லீயின் படத்துக்காகச் செய்தது. 'ஃபன் டே' பாட்டில் பழைய துள்ளல் இருக்கிறது, மற்றவை அவசரத்தில் செய்தவை போலப் படுகின்றன. 'கான்வர்சேஷன் பீஸ்' எழுபது நிமிடத்துக்கு மேல் நீளும். பழைய வினைல் தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது சொச்சம் நிமிடம்தான் என்பதால் அங்கே பாட்டைக் கழிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. சிடி வந்ததும் அது போய்விட்டது, அந்த ஆல்பம் கனத்துப்போனது. ஆனால் அதிலிருக்கும் 'ஃபார் யுவர் லவ்' இரண்டு கிராமி வாங்கியது, தகுதியோடு வாங்கியது. அதே 1995-இல்தான் ராப் பாடகர் கூலியோ, ஸ்டீவியின் 1976 பாட்டான 'பாஸ்டைம் பாரடைஸ்' மீது 'கேங்ஸ்டாஸ் பாரடைஸ்' பாட்டைக் கட்டி உலகமெங்கும் ஓட வைத்தார். அவர் புதிதாகச் செய்ததை விட்டுவிட்டு அவருடைய பழசையே எல்லாரும் கேட்டார்கள்.

2005-இன் 'எ டைம் டு லவ்' எனக்கு மிகவும் பிடித்தது. 'சோ வாட் த ஃபஸ்' பாட்டில் பிரின்ஸ் கிட்டார் வாசிக்கிறார். 'ஹவ் வில் ஐ நோ' பாட்டில் அவரோடு பாடுவது மகள் ஆயிஷா. 1976-இன் 'இஸன்ட் ஷி லவ்லி' பாட்டின் முடிவில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் சத்தம் கேட்குமே, அந்தக் குழந்தைதான் இவர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அப்பாவின் குரலில் வயது ஏறியிருக்கிறது, மெட்டு கட்டும் திறமை அப்படியே இருக்கிறது.

ஒரு ஆல்பத்துக்கும் இன்னொண்ணுக்கும் ஏன் பத்து வருஷ இடைவெளி?

முதல் கேள்வியில் சொன்ன ஒப்பந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம் அது. முடிந்துவிட்டது என்று சொல்லவேண்டியது அவர்தான், அவரோ லேசில் சொல்வதில்லை. எழுதிக் குவிப்பார், வெளியே விட மாட்டார். 60-களில் எழுதியது 1980-இலும், தாவர ஆல்பத்துக்கு எழுதியது 1985-இலும் வந்ததை மேலே பார்த்தோம். 2005-க்குப் பிறகு முழு ஆல்பம் இல்லை. 2020-இல் மோடவுனை விட்டு வெளியே வந்து, சொந்த நிறுவனத்தின் பெயரில் இரண்டு தனிப்பாடல்களை வெளியிட்டார்.

சோல் பாடகர் எல்லாருக்கும் இதே கதைதானா? மார்வின் கே, கர்ட்டிஸ் மேஃபீல்டு?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். மார்வின் கே தன் விவாகரத்தையே பாடுபொருளாக்கி 1978-இல் 'ஹியர், மை டியர்' போட்டபோது யாரும் சீண்டவில்லை, பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. கர்ட்டிஸ் மேஃபீல்டு மீது 1990-இல் புரூக்ளினில் திறந்தவெளி மேடையின் விளக்குச் சட்டம் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. மல்லாந்து படுத்தால்தான் பாட மூச்சு கிடைக்கும் என்ற நிலையில், ஒவ்வொரு வரியாகப் பாடி 1996-இல் 'நியூ வேர்ல்டு ஆர்டர்' முடித்தார். அதைக் கேட்டுவிட்டு யாரும் 'பிற்காலம்' என்று உதட்டைப் பிதுக்க முடியாது. ஸ்டீவிக்கு அப்படிப்பட்ட ஒரே நிகழ்ச்சி இல்லை, அதனால் அவரை மறுபடி கேட்கச் சொல்ல ஒரு கதை கிடைப்பதில்லை. பாட்டுகளைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

நீங்க ரசிகர், அதான் தாங்கிப் பேசுறீங்க. எது நிஜமாவே சுமார்னு சொல்லுங்க பாப்போம்.

'த வுமன் இன் ரெட்' ஆல்பத்தில் பாதிக்கு மேல் தேறாது. 'கேரக்டர்ஸ்' ஆல்பத்தில் மைக்கேல் ஜாக்சனோடு பாடிய 'கெட் இட்' இரண்டு மேதைகள் சேர்ந்தும் எழும்பாத பாட்டு. 'கான்வர்சேஷன் பீஸ்' மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருக்கலாம். இவரும் சேர்ந்து பாடிய 'எபனி அண்ட் ஐவரி' பாட்டையும் இவர் கணக்கில் எழுதுகிறார்கள், ஆனால் அதை எழுதியது பால் மெக்கார்ட்னி, வந்ததும் அவருடைய ஆல்பத்தில்.

சரி, நம்புறேன். எதுல ஆரம்பிக்கட்டும்?

முதலில் 'ஹாட்டர் தேன் ஜூலை' முழுவதும், பாடல் வரிசையை மாற்றாமல். அது பிடித்தால் 'டு ஐ டு', 'ஃப்ரன்ட் லைன்', அப்புறம் 'ஓவர்ஜாய்டு', 'ஸ்கெலிட்டன்ஸ்'. அடுத்து 'எ டைம் டு லவ்'. தாவர ஆல்பத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவர் பழக்கவழக்கம் உங்கள் காதுக்குப் பிடிபட்டிருக்கும். அதிலும் 'சேம் ஓல்டு ஸ்டோரி', 'பவர் ஃப்ளவர்', 'பிளாக் ஆர்கிட்' மூன்றையும் தனியாகக் கேட்டுவிட்டு முழு ஆல்பத்துக்குப் போனால் திணறாது.